பம்பு கத்திய வாரம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு முகம். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னால், கழுவாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி கழுவி வைப்பார். அதே மனிதருக்கு, மெக்கானிக் வேலை பார்க்கும் கல் குவாரியில் பழைய புல்டோசர் ஒன்றின் ஆயில் டேங்க் மூடியைத் திறக்க மூன்று துணி வேண்டும். முதல் துணி மண்ணுக்கு, இரண்டாவது பிசுக்குக்கு, மூன்றாவது அவருடைய மனத் திருப்திக்கு. அந்த மூன்றாவது பெரும்பாலும் எங்கள் வீட்டுத் தலையணை உறையாக இருக்கும். கேட்டால், நூல் உதிராத துணி அது ஒன்றுதானாம்!

குவாரியில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை ஹைட்ராலிக் ஆயிலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. டேங்கில் அளவு பார்ப்பதென்றால் முன்னால் மண்ணைத் தள்ளும் பிளேடைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். தூக்கி வைத்தபடி பார்த்தால், பிளேடைத் தூக்கும் சிலிண்டருக்குள் போன ஆயில் கணக்கில் வராது. குறைகிறதே என்று அவசரக்காரன் மேலே ஊற்றுவான். பிளேடை இறக்கியதும் பொங்கி வழியும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாப்பிடும்போது அவர் வேறு எதைப் பேசியிருக்கிறார்!

அவர் பேசுவதை நான் கேட்டாக வேண்டும். நான் பேசினால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அடுப்படியிலிருந்து கத்தினால் பதில் வராது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எதிரில் போய் நின்று கேட்டால் 'இப்ப என்ன?' என்று ஒரு முறைப்பு. கல்யாணமாகி இருபது வருஷமான ஆண்பிள்ளை, எந்த வீட்டில்தான் கேட்கிறான் என்று நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அந்த வாரம் புல்டோசர் ஆபரேட்டர் வந்து, "டாக்டரே, பம்பு ஒரேயடியா கத்துது. பிளேடு வேற விட்டு விட்டு ஏறுது" என்றிருக்கிறான். இவர், "எங்கடா கத்துது? நல்லாதான் ஓடுது" என்று அவன் மேலேயே பாய்ந்திருக்கிறார். ஆனாலும் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் ஒரே நுரை. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, அது மட்டும் நிச்சயம். டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் போகும் குழாயில் விரிசல் விட்டால் சொட்டுக்கூட ஒழுகாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வண்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியாக கிரீஸ் பூச வேண்டும். எந்த இடத்தில் பூசியதும் பம்பு கத்துவது அடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை.

யாரையும் பக்கத்தில் விடாமல், ஒவ்வொரு இடமாகப் பூசிப் பார்த்துத் துடைத்துவிட்டார். "எந்த எடத்துலயும் கோளாறு இல்ல" என்று தீர்ப்பும் சொன்னார். பில்டரை மாற்றினார், ஆயிலையே மாற்றினார். பம்பு கத்திக்கொண்டேதான் இருந்தது. லாரிகள் வரிசையில் நின்றன. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பிளேடு ஒழுங்கா எந்திரிக்கணும் டாக்டரே. இல்லன்னா வேற மெக்கானிக்க வரவழைச்சுடுவேன். அவரே இங்க இருந்துக்கட்டும், நீங்க வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்று இவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயிலைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்தெட்டு வயதில், வேலை தெரியவில்லை என்று அனுப்பப்பட்ட மெக்கானிக்கை எந்த குவாரி கூப்பிடும்?

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு கேரியரைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். கேட்டைத் தாண்டும்போதே பல் கூசியது. இரும்புத் தகட்டை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம்! ஆபரேட்டர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தான். என் வீட்டுக்காரரோ பம்புக்குப் பக்கத்திலேயே, தலையைச் சாய்த்து, பூந்தோட்டத்தில் நிற்கிறவர்போல நின்றிருந்தார்.

"அய்யய்யோ, என்னங்க இது, இப்படிக் கத்துது!" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "எது?" என்றார்.

இந்த மனுஷனுக்குக் கேட்கவில்லை. இன்ஜின் உறுமுவது கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், இந்தக் கீச்சுச் சத்தம் கேட்கவே இல்லை. பிறகு எந்த இணைப்பில் பூசினால் என்ன, சத்தம் அடங்கியதா இல்லையா என்று இவருக்கு யார் சொல்வது?

கேரியரைக் கீழே வைத்தேன். கிரீஸ் டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தேன். "திரும்பப் பூசுங்க. நான் கேக்கறேன்" என்றேன்.

முறைத்தார். வழக்கமான முறைப்புதான், ஆனால் பாதியிலேயே அது கரைந்துபோய்விட்டது. குனிந்தார். முதல் இணைப்பில் பூசிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டாவது, மூன்றாவது, ஊஹூம். டேங்குக்கு அடியில் ரப்பர் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய இடம் ஒன்று இருந்தது. அதன் மேல்பக்கம் கண்ணுக்கே தெரியாது, கையை விட்டுத் தடவித்தான் பூச வேண்டும். பூசினார்.

சத்தம் சட்டென்று நின்றது.

நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். ஆபரேட்டர் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அக்கா, புண்ணியமாப் போச்சு!" என்று கத்தினான். வண்டியை அணைத்துக் குழாயைக் கழற்றினால், கிளாம்புக்குள் ஒளிந்திருந்த முனையில் முடி கனத்துக்கு ஒரு விரிசல். அந்த முனையை மட்டும் இரண்டு விரற்கடை வெட்டினார். வழக்கம்போல மூன்று துணியால் துடைத்தார். மாட்டி இறுக்கினார். உள்ளே தங்கிய காற்று வெளியேற, பிளேடை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொன்னார். பிறகு அது வெண்ணெய்போல எழுந்து, நிறுத்திய இடத்தில் நின்றது.

முதலாளி வந்து பிளேடைப் பார்த்தார், ஆபரேட்டரைப் பார்த்தார். "சொன்னேன்ல, டாக்டர் காது வெச்சுக் கேட்டா எந்த வியாதியும் தப்பாது!" என்று இவர் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

இவர் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருங்கள், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"என் காது இல்ல முதலாளி, இவ காது" என்றார். "பம்பு கத்துனது எனக்குக் கேக்கவே இல்ல. கொஞ்ச நாளாவே இப்படித்தான். மூணு வருஷம் இருக்கும்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். முதலாளி தாடையைச் சொறிந்தார்.

"மூணு வருஷமாக் கேக்காமத்தான் இந்த ஓட்டை வண்டிய ஓட வெச்சீங்களா?" என்றார். "நாளைக்கு வேலைக்கு வராதீங்க. காது டாக்டரப் போய்ப் பாருங்க. ஏதாவது மெஷின் குடுத்தா மாட்டிக்கிட்டு நாளன்னைக்கு வாங்க. அதுவரைக்கும் எதுக்கும் கிரீஸ் டப்பாவ ஒளிச்சு வைக்கிறேன், வேற எவனும் தொட வேண்டாம்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கோபமும் கூடவே வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், கடைத்தெருவில், அவருக்கு முன்னால் போய் மறித்து நின்றேன்.

"ஊராருகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "வெக்கமா இருந்துச்சு. செவிடன்னு நீ பரிதாபப்படுறதவிட, சிடுமூஞ்சின்னு திட்டிட்டுப் போறது தேவலன்னு இருந்துட்டேன்."

மூன்று வருஷம்! பதில் வராத ஒவ்வொரு கேள்விக்கும் நானாக ஒரு பதில் வைத்துக்கொண்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து, ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் மோவாயைப் பிடித்து முகத்தை என் பக்கம் நிமிர்த்தினேன்.

"நான் உங்களுக்கு அலுத்துப் போயிட்டேன்னு நெனச்சேன்யா!" என்று கத்தினேன்.

காய்கறிக்காரர் தராசைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். தெருவே பார்த்தது. என் வீட்டுக்காரருக்கும் கேட்டது.