நத்தைக்கு ஆகாத சாப்பாடு

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, காப்பார் கடலோரச் சேற்றில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்றைப் பிடித்தேன். சுண்டுவிரல் நீளம், கன்னங்கரேலென்ற உடம்பு, மண்வெட்டி போலத் தட்டையான தலை. அப்பா தூண்டிலில் மூழ்கியிருந்ததால் ஐஸ்கிரீம் டப்பாவில் நான் எதைப் போட்டேன் என்று கவனிக்கவில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தார்.

“இது இங்க பொழைக்காதுலா. அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் உயிரோட இருந்தா கொண்டுபோய் விட்டுடலாம்” என்றார்.

அதை உயிரோடு இருக்க வைத்தே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம்தான் சித்தி, அம்பாங்கில் இருக்கும் கணவர் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்திருந்தாள். அம்மா அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். சித்தி இரண்டு வாயோடு தட்டை நகர்த்திவிடுவாள். வீட்டில் எல்லாருக்கும் சித்தியைப் பற்றிக் கவலை. எனக்கு நத்தையைப் பற்றி.

கங்கோங் கீரையைக் கிள்ளிப் போட்டேன். நத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோறு, நெத்திலி, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு இறால். தண்ணீர் நாறியதுதான் மிச்சம். பாட்டிலில் கொண்டுவந்திருந்த கடல் தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டு, அதைப் பிடித்த இடத்தை நினைத்துப் பார்த்தேன். சேறு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். அப்பாவின் தூண்டில் புழு, பும்புன், அந்த மாதிரி ஓட்டைக்குள்தான் இருக்கும்.

சனிக்கிழமை அப்பா பும்புன் வாங்கி வந்ததும் கேட்டேன். மீன் பிடிக்க வைத்திருப்பதை நத்தைக்குத் தர முடியாது என்றார். நான் நகரவில்லை. அறையிலிருந்து சித்தி வந்து நின்றாள்.

“ரெண்டு குடுங்க அத்தான். ஒரு வாரமா இவளும் விடாம எதையாவது போட்டுப் பார்க்குறா.”

முதல் புழுவை அப்பா நறுக்கிப் போட்டார். நத்தை அதன்மேலேயே ஊர்ந்து போனது. இரண்டாவதை உயிரோடு விட்டேன். டப்பாவின் அடியில் படிந்திருந்த சேற்றில் புழு வழவழப்பான தடம் விட்டு ஓடியது. நத்தை அந்தத் தடத்தைத் தொட்டதும் நின்றது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியபடி தடம் பிசகாமல் தொடர்ந்தது. எட்டியதும் வாயைப் பிதுக்கி, மீ நூடுல்ஸை உறிஞ்சுவதுபோலப் புழுவை முழுசாக உள்ளே இழுத்துக்கொண்டது.

“பசி இல்லாம இல்ல பாரு” என்றாள் சித்தி. “நாமதான் அதுக்கு ஆகாததையே போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.”

மறுநாள் அவளும் எங்களோடு காப்பாருக்கு வந்தாள். ஓட்டைகள் நிறைந்த இடமாகப் பார்த்து நத்தையை விட்டேன். அது சேற்றுக்குள் தலையை நுழைத்து மறைந்தது. காருக்குத் திரும்பியதும் சித்தி முன்னிருக்கையிலிருந்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல அமைதியாகச் சொன்னாள்.

“அத்தான், இனிமே நான் அம்பாங்குக்குப் போகல. இங்கயே வேலை தேடிக்கிறேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சித்தியைத் திரும்பிப் பார்த்தார். “சரிம்மா” என்று சாவியைத் திருகினார்.

நத்தைக்கு இன்றைக்குப் புழு கிடைத்திருக்குமா என்று பின்னாலிருந்து நான் கேட்டுக்கொண்டே வந்தேன். இவ்வளவு முக்கியமான கேள்விக்குப் பெரியவர்கள் இருவரும் ஏன் வாயே திறக்கவில்லை என்று வீடு வந்து சேரும்வரை எனக்குக் கோபம்.