மூன்று பதினெட்டுக்கு ஆறு எண்கள்

இதைக் கதையென்று நினைத்துப் படிப்பவர்களை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் அன்று நடந்ததற்கு என் கைப்பேசியின் அழைப்புப் பட்டியல் சாட்சி. போனை இரண்டு முறை மாற்றிவிட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

நான் ஹோம் நர்ஸ். பன்னிரண்டு வருடமாக இதே பிழைப்பு. என் கையைப் பிடித்தபடியே நான்கு பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். பேய்க்கும் பிசாசுக்கும் பயந்தால் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் சந்தேகம். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று யார் சொன்னாலும், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

அந்த வீட்டில் எனக்குப் பகல் வேலை. காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. எழுபத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டேன். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி அதற்கும் முன்பே வெளியூரில் மகளோடு போய்த் தங்கிவிட்டார். ஐயாவின் காரியமெல்லாம் மகள்தான் தொலைவிலிருந்தே கவனித்தார்.

ஐயாவுக்கு எந்நேரமும் டிவி ஓட வேண்டும். மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் சேனல். அதில் ஒரே ஒரு துப்பறியும் தொடர். நான் சேர்ந்த பிறகே மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கொலைகாரன் யார் என்று எனக்கே மனப்பாடம். சத்தமாக ஓட வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தினாலும் முனகத் தொடங்குவார். முனகல் ஏறினால் ரத்த அழுத்தமும் ஏறும்.

அன்று புதன்கிழமை. நல்ல வெயில். பிற்பகல் 2:50-க்குத் தொடர் பாதியில் நின்றது. திரையில் ஒரு செய்தி.

'உங்கள் கட்டணத்தைப் பெற இயலவில்லை. கட்டண முறையைப் புதுப்பிக்கவும்.'

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இப்படி ஒரு செய்தியை நம்பி எங்கள் தெருத் தையல்காரம்மா சேமிப்பையெல்லாம் கோட்டை விட்டிருந்தார். டிவியை அணைத்துத் திரும்பப் போட்டேன். அதே செய்தி. ஐயா முனக ஆரம்பித்தார். 2:58-க்கு மகளை அழைத்தேன்.

"பழைய கார்டு தேதி முடிஞ்சிருச்சுக்கா. புதுசு அப்பா மேஜை டிராயர்ல கவரோட இருக்கும். நீங்களே டிவியில போட்டுருங்க."

"கார்டையெல்லாம் நான் தொடறது சரியில்ல மேடம். நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையிலதான் விடியும்."

"ஓடிபி என் போனுக்குத்தான் வரும். நான் சொன்னாத்தானே வேலை முடியும். நான் ரயில்ல இருக்கேன், இல்லன்னா நானே பண்ணிருவேன். போனை ஸ்பீக்கர்ல போட்டு வைங்க."

போட்டு, சோபா கைப்பிடியில் வைத்தேன். என் இடப்பக்கம். ஐயா சக்கர நாற்காலியில், எனக்கு வலப்பக்கம்.

ரிமோட்டில் எண் போடுவது எவ்வளவு கொடுமை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். பதினாறு எண். இரண்டு முறை தப்பாகி, முதலிலிருந்து போட்டேன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் ஆறு காலிக் கட்டங்கள் வந்தன.

"ஓடிபி கேக்குது மேடம்," என்றேன்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு...

"ஏழு... சுழி... நாலு..."

பெண் குரல். மெதுவான, தெளிவான குரல். நான் ஒவ்வொன்றாக அழுத்தும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னது.

"நாலு... சுழி... ஒன்பது."

போட்டேன்.

"ஆச்சா?"

"ஆச்சு மேடம்."

திரையில் நன்றி என்று வந்தது. கட்டண முறை புதுப்பிக்கப்பட்டதாம். தொடர் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அப்பாடா என்று ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. எதிரே கிடந்த காலிப் பிரம்பு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனகல் அடங்கியிருந்தது.

அப்போது என் போன் மணி அடித்தது.

ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருக்கிற போன் எப்படி மணியடிக்கும்?

எடுத்தேன். மகள்.

"ரயில் குகைக்குள்ள போனதுல லைன் கட்டாயிருச்சுக்கா. ஓடிபி வந்திருக்கு, எழுதிக்கோங்க. செவன், ஜீரோ, ஃபோர்..."

"இப்பத்தானே சொன்னீங்க மேடம். போட்டாச்சே."

"நான் எங்க சொன்னேன்?"

பட்டியலைப் பார்த்தேன். முதல் அழைப்பு 3:16-க்குத் துண்டாகியிருந்தது. இந்த அழைப்பு 3:19. இடையில் எதுவும் இல்லை.

மகளின் குரல் மாறியது. "புதுப்பிச்சாச்சுன்னு மெயில் வந்திருக்கு. நான் சொல்லாம நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரோ சொன்னாங்க மேடம். நீங்கன்னு நினைச்சேன்."

"என் மெசேஜ் உங்க போனுக்கும் வருதா?"

அதுவரை வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்றவர், அந்த அழைப்பு முடியும்வரை ஒரு முறைகூட அப்படிக் கூப்பிடவில்லை.

4:35-க்கு, மகள் சொல்லி, என் ஏஜென்சி மேற்பார்வையாளர் வந்தார். என் போனை வாங்கிப் பார்த்தார். பையைக் கொட்டிப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் என் பையை யாரும் தொட்டதில்லை. பழைய பஸ் டிக்கெட்டும் தலைவலித் தைலமும் தரையில் கிடந்தன. குனிந்து பொறுக்கும்போது கண் கலங்கிவிட்டது.

"நைட் ஆள் எட்டு மணிக்கு வரும். வந்ததும் நீங்க நேரா ஆபீசுக்கு வாங்க," என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் போனதும் கதவைத் தாழிட்டேன்.

இப்போது என் முறை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என்னை அனுப்ப மகளே நாடகமாடுகிறாரா? வீட்டில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா? படுக்கையறை, சமையலறை, குளியலறை, பரணுக்கு அடியில் இருக்கும் அலமாரி... எல்லாம் பார்த்தேன். டிவிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். எங்காவது ஸ்பீக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்தேன்.

ஐயா முனகினார். சாதாரண முனகல் இல்லை. நாற்காலியை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன். டிவிக்கு முதுகைக் காட்டி, ஐயாவுக்கு நேர் எதிரே.

அப்போதுதான் உறைத்தது. டிவி பார்க்கிற கூடத்தில் யார் நாற்காலியை இப்படிப் போடுவார்கள்?

இன்னொன்றும் உறைத்தது. போன் என் இடப்பக்கம் இருந்தது. குரல் வந்தது வலப்பக்கமிருந்து.

மணி 5:52. ஒரு பகுதி முடிந்தது. அடுத்தது தானாகத் தொடங்க ஐந்து விநாடி ஆகும். அந்த ஐந்து விநாடி வீடு அமைதியானது.

"...மூணு..."

டிவி மறுபடியும் இரைந்தது. என் காதுதான் என்று சொல்லிக்கொண்டேன். ஐயாவுக்குக் கஞ்சி ஆற்றினேன்.

6:31.

படம் உறைந்து நின்றது. திரை நடுவில் ஒரு கேள்வி.

'இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?'

பல மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் அது கேட்கும். எப்போதும் கேட்பதுதான். ஆனால் ரிமோட் அந்தப் பிரம்பு நாற்காலியின் மேல் இருந்தது. நான்தான் தேடும்போது மறந்து வைத்திருக்க வேண்டும்.

வைத்தேனா?

அமைதி.

சுவர்க் கடிகாரம். டக்... டக்...

"ஆறு... சுழி... எட்டு..."

ஐயாவின் இடக்கை ஆள்காட்டி விரல் கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டியது.

"ஒண்ணு... அஞ்சு... சுழி..."

மறுபடி தட்டு. எண்ணுக்கு ஒரு தட்டு.

புதிதாகத் தொடங்கியது போலவே இல்லை. எங்கோ பாதியிலிருந்து வந்தது. அப்படியானால்... டிவி இரைந்துகொண்டிருந்த இத்தனை நேரமும்... இத்தனை மாதமும்... அடியில் இது ஓடிக்கொண்டேயிருந்ததா?

பிரம்பு கிறீச்சிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

ரிமோட் கிடைத்தது.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

அழுத்தினேன்.

7:10-க்கு மகள் அழைத்தார். தொடரின் சத்தத்தைக் குறைக்காமலே பேசினேன்.

"அக்கா... மன்னிச்சிருங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பேங்க்ல கேட்டேன். ஓடிபியை அவங்க அனுப்பினதே 3:19-க்கு. டிவியில நீங்க போட்டதை ஏத்துக்கிட்டது 3:18-க்கு. ஏதோ கோளாறுங்கறாங்க. எப்படியிருந்தாலும் நீங்க திருடியிருக்க முடியாது."

எண் பிறப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே அதை நான் போட்டிருக்கிறேன்.

"யாரோ சொன்னாங்கன்னீங்களே. எப்படிச் சொன்னாங்க?"

"ஒவ்வொண்ணா, நிதானமா. ஜீரோவைச் சுழின்னு சொன்னாங்க. கடைசியில ஆச்சான்னு கேட்டாங்க."

பின்னால் யாரோ ஏதோ கேட்டார்கள். போன் கைமாறியது. ஐயாவின் மனைவி. அவரோடு நான் பேசியது அதுதான் முதல் முறை.

"சுழின்னா சொன்னா?"

"ஆமாம்மா."

பெருமூச்சு கேட்டது. பிறகு மளமளவென்று சொன்னார்.

"அவர் அச்சகத்துல பிழை பார்த்தவரும்மா. ரயில் நேர அட்டவணை அடிக்கிற அச்சகம். எதிர் நாற்காலியில ஒருத்தி உட்கார்ந்து நம்பரை வாசிப்பா, இவர் ஒண்ணொண்ணா பென்சில்ல தட்டிக்கிட்டே சரிபார்ப்பார். மெஷின் சத்தத்துல தப்பாக் கேட்டுரக் கூடாதுன்னு அவ சுழின்னுதான் சொல்லுவா. பக்கம் முடிஞ்சா ஆச்சான்னு கேப்பா. இருபத்திரண்டு வருஷம். என்கிட்ட பேசினதைவிட அவகிட்ட நம்பர் கேட்டதுதான் ஜாஸ்தி."

"அவங்க... தவறிட்டாங்களாம்மா?"

"யாரு, அவளா? எதுக்குத் தவறணும். உயிரோடதான் இருக்கா. அவர் இருக்கிற ஊர்லயே, முதியோர் இல்லத்துல."

"அப்ப அவங்கதான் வந்து..."

"எங்கேந்து வருவா? நாலு வருஷத்துக்கு முன்னாடி தொண்டையில புற்று. குரல்வளையையே எடுத்துட்டாங்க. அவளுக்குக் குரலே கிடையாதும்மா."

தொடரில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்த வருஷந்தான் நான் இங்க கிளம்பி வந்தேன்," என்றார் மெல்ல. "அங்க இருந்தப்ப மத்தியானத்துல எனக்கும் கேக்கும். இவரைக் கேட்டா ரேடியோம்பார். அந்த வீட்டுல ரேடியோவே இல்ல."

எட்டு மணிக்கு இரவு ஆள் வந்தார். நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. ஏஜென்சி மன்னிப்புக் கேட்டு வேறு வீடு கொடுத்தது.

ஆனாலும் என் சந்தேகம் என்னை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஐயாவின் மனைவியிடமே முகவரி வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த இல்லத்துக்குப் போனேன். பொறுப்பாளரிடம் துருவித் துருவிக் கேட்டேன். அந்த அம்மாவிடம் போன் கிடையாது. பார்க்க வருபவர் யாருமில்லை. மூன்று வருடமாக வாசல் தாண்டியதில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உருவம். நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலை. கழுத்துத் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. அவர் மூச்சு விடும்போது துணி லேசாக அசைந்தது. மடியில் எழுதுபலகை.

என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. கும்பிட்டேன்.

"நான் ஐயா வீட்டுல வேலை பார்த்த நர்ஸ்மா."

அவ்வளவுதான் சொன்னேன். சத்தியமாக, அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகையில் எழுதி, என் பக்கம் திருப்பினார்.

'ஆறு எண்ணும் சரியாக இருந்ததா?'

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் பலகையைத் துடைத்துவிட்டு, நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.