டிராமில் போன பூண்டு ரசம்

ஊரிகத்தில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார இடம் கிடைத்தவர், நிற்பவரின் பையைக் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பங்காரப்பேட்டை தாண்டினால் என் மடியில் பைகள் முகவாய் வரை ஏறிவிடும். நாலு பேரிடம் பேசக் கூசுகிறவன் நான். ஒரு வார்த்தை பேசாமல் பாதிப் பெட்டிக்கு வேண்டியவன் ஆனது அப்படித்தான்.

மகள் அயர்லாந்தில் நர்ஸ். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி ரொட்டியும் சூப்பும் அவளுக்கு இறங்கவில்லை. பூண்டு ரசம் ஊற்றிய குழைந்த சோறு வேண்டும் என்று போனில் அழுதாள். மருமகனுக்கு அன்று பகல் ஷிப்ட். மனைவி, மூத்த பேரனை விட்டு நகர முடியாது. கொண்டுபோக நான்தான் மிச்சம்.

"டாக்சிக்குச் சொல்றேன், மாமா" என்றார் மருமகன். டாக்சிக்காரர் வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தால் என்ன செய்வது? வேண்டாம் என்றேன். மருமகனோடு முன்பே போன வழிதான். முதலில் பஸ், பிறகு டிராம். எனக்கென்று அவர் வாங்கித் தந்த பயணக் கார்டும் சட்டைப்பையில் இருந்தது.

"இன்னாங்க, பங்காரப்பேட்டைன்னு நெனச்சுக்கினு நடுவுல எறங்கிடப் போறீங்க" என்றாள் மனைவி.

"எறங்கினா ரசத்த நானே குடிச்சிடறேன்."

"குடிப்பீங்க, குடிப்பீங்க. என் பொண்ணு பட்டினி கெடக்கட்டும்."

பஸ்ஸில் டிரைவர் பக்கத்து மெஷினில் கார்டைக் காட்டினேன். அவர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். அதோடு முடிந்தது. டிராமில் உட்கார இடமும் கிடைத்தது. மனைவி கட்டித் தந்த ரசச்சோற்றுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் ஏறியது. கனமான பையோடு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றார். என் கை தானாக நீண்டு அந்தப் பையைப் பிடித்துவிட்டது. அவர் வெடுக்கென்று இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். திருடனில்லை என்று எப்படிச் சொல்வேன்? என் மடியைத் தட்டிக் காட்டினேன். அவர் இரண்டடி தள்ளிப் போனார். காதெல்லாம் சுட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமா என்றிருந்தது. இறங்கினால் ரசம் ஆறிவிடும், வழியும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் கைத்தடியோடு ஒரு பெரியவர் ஏறினார். எழுந்து இடம் கொடுத்தேன். டிராம் திரும்பும்போது கேரியர் ஆடியது. மூடியோரம் ரசம் கசிந்தது. அந்தப் பெண்ணுக்கு இதற்குள் இடம் கிடைத்திருந்தது. கேரியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, நான் தட்டிய மாதிரியே தன் மடியைத் தட்டினார்.

கொடுத்தேன். ஆஸ்பத்திரி ஸ்டாப் வரும்வரை, கைக்குழந்தையைப் போல் சாயாமல் பிடித்திருந்தார். பூண்டு வாசனை மூக்கில் ஏறியதும் சிரித்துவிட்டார். வாங்கிக்கொண்டு கும்பிட்டேன்.

"யாருப்பா கூட்டினு வந்தாங்க?" என்றாள் மகள்.

"யாருமில்ல. நான்தான் ரசத்தக் கூட்டினு வந்தேன்."

"சிரிக்க வெக்காதப்பா, தையல் இழுக்குது."

கேரியரைத் திறந்தபோது ஆவி வந்தது. அங்கிருந்த நர்ஸிடம் மகள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ‘அப்பா’, ‘டிராம்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்குப் புரிந்தன. நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மகள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

மறுநாள் மருமகனுக்கு லீவு. "இன்னிக்கு நான் கொண்டுபோறேன், மாமா" என்று கை நீட்டினார். கேரியரை நான் கொடுக்கவில்லை.