காப்பு நூலின்மேல் கட்டிய பட்டி

பின்லாந்துக் குளிர்காலத்தில் கதவுகூட ஆளை அடிக்கும். கைப்பிடியைத் தொட்டால் சுளீரென்று ஒரு மின்பொறி. காற்று அவ்வளவு வறட்சி. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருபத்தாறு வருடம் எத்தனையோ கதவுகளைத் திறந்திருக்கிறேன். ஒன்றுகூட என்னை அடித்ததில்லை. வந்த புதிதில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. அதே பொறிதான் என் ஒன்றரை வருட உழைப்பைக் கொன்றது.

மிக ஒடுங்கிய பாதையொன்றினூடாக இலத்திரன்கள், அதாவது எலெக்ட்ரான்கள், போவதை அளப்பது என் வேலை. பாதையைக் கொஞ்சங்கொஞ்சமாக அகலமாக்கினால் மின்கடத்தல் படிக்கட்டுப்போல ஏறும். ஆனால் முதற்படிக்குக் கீழே, பத்தில் ஏழு பங்கு உயரத்தில், கணக்கின்படி இருக்கக்கூடாத ஒரு சிறு தட்டு, இடைப்படிபோல, தெரியும். இலத்திரன்கள் ஒன்றையொன்று சட்டைசெய்யாமல் போனால் அது வராது என்பதே எங்கள் எண்ணம். ஒருமுறை அம்மாவுக்குப் போனில் விளங்கப்படுத்தினேன்.

"நல்லூரிலை ரியூசன் விட்டவுடனை ஒடுக்கமான குச்சொழுங்கைக்குள்ளாலை சைக்கிளுகள் வருமெல்லே? தனிய வந்தா ஒரு மாதிரி, பக்கத்திலை இன்னொருத்தர் வந்தா வேறை மாதிரி. அதுதான் அம்மா."

"உதுக்கோ உவ்வளவு தூரம் போனனீ?"

அந்தத் தட்டைத் தெளிவாகக் காட்டக்கூடிய, ஒன்றரை வருடம் பாடுபட்டுச் செய்த சிப் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அளவீடு சரிவந்தால் என் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் விசா நீளும். அம்மா எனக்காகக் கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாளும் பிடித்து, கோயிலில் வாங்கிய காப்பு நூலைத் தபாலில் அனுப்பினார். கட்டிவிட இங்கே ஆளில்லை. வலது மணிக்கட்டில் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்துகொண்டேன். அடுத்த விரதம் வரை கழற்றக்கூடாது.

சிப்பைத் தொடுமுன் மணிக்கட்டில் ஒரு பட்டி கட்டவேண்டும். அதன் உட்புறத் தகடு தோலில் பட்டு, உடம்பில் சேர்ந்த மின்னைக் கம்பி வழியே நிலத்துக்குள் இறக்கிவிடும். நான் அதை நூலின்மேல் கட்டினேன். தகடு முடிச்சில் ஏறியிருந்தது, தோலில் படவேயில்லை. சிப்பைத் தொட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி விரலிலிருந்து அதற்குள் பாய்ந்திருக்கவேண்டும். பிறகு, இந்த அளவீட்டுக்கு வேண்டிய கடுங்குளிருக்குக் கொண்டுபோய் அளந்தும் துளி மின்னோட்டம் இல்லை. நூலைச் சற்று மேலே தள்ளியிருக்கலாமே என்பீர்கள். ஐயோ, நானும் ஒவ்வொரு நாளும் அதைத்தான் சொல்லி மாய்கிறேன்.

பேராசிரியர் என் கையைப் பார்த்தார். "இதைக் கழற்ற மறந்துவிட்டீர்களா?"

"மறக்கவில்லை. கழற்றக்கூடாது. என் அம்மா..."

"ஓ, மன்னியுங்கள். எப்போது இறந்தார்?"

உயிரோடுதான் இருக்கிறார் என்றேன். அவருக்கு இன்னும் குழம்பிப்போயிற்று. ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடிவதை மட்டும் மெதுவாக நினைவூட்டினார்.

மறுநாள் அம்மா போன் எடுத்தார்.

"சரிவந்ததோ?"

"இன்னும் இல்லையம்மா."

"காப்பைக் கழட்டிப்போட்டியோ?"

"இல்லை, கையிலைதான் கிடக்கு."

"அப்ப ஒண்டுக்கும் பயப்பிடாதை. அது உன்னைக் கைவிடாது."

என்னத்தைச் சொல்வது? நீங்கள் பட்டினி கிடந்து வாங்கிய நூல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்றா? "ஓம் அம்மா" என்று வைத்துவிட்டேன்.

இப்போது ஒதுக்கிவைத்த பழைய சிப் ஒன்றோடு மாரடிக்கிறேன். பட்டியை இடது கைக்கு மாற்றியாயிற்று. அதன் கம்பி இந்த நாட்டு மண்ணுக்குள் இறங்குகிறது. வலது கையில் அம்மாவின் நூல் கிடக்கிறது. சிப்பைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், இரண்டையும் நீட்டுகிறேன்.