உதட்டுக்கு உட்காராத பெயர்

எங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் அவளை அழுகையக்கா என்றுதான் கூப்பிடுவோம். படத்தில் யாருக்காவது புருஷன் செத்தாலும், வீடு இடிந்தாலும், மகன் செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனாலும் ஸ்டுடியோவிலிருந்து போன் அக்காவுக்குத்தான் போகும். திரையில் மார்பில் அடித்துக்கொள்வது எந்த நடிகையாக இருந்தாலும் தொண்டை அக்காவுடையது. ஏழைபாழைகளின் கண்ணீரைப் படமாக்கிப் பரிசு வாங்கியவர்களில் பாதிப் பேர் அக்காவின் தொண்டையில் கால் வைத்துத்தான் மேடை ஏறினார்கள். இப்படிச் சொன்னால் அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும்.

நான் கும்பல் குரல்காரி. பஸ்ஸில் சண்டை போடுகிறவள், மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "அய்யய்யோ" என்கிறவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் முணுமுணுக்கிறவள் எல்லாம் நான்தான். அக்காவோடு அந்த இருட்டு அறையில் எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறேன். அதனால் அவள் அழுகிற விதம் எனக்குத் தெரியும். வளையலையும் கம்மலையும் கழற்றி என் கையில் கொடுப்பாள். மைக் எல்லாச் சத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரு துண்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்டு இன்ஜினியரிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"செத்தது யாருப்பா? பேரு என்ன?"

சில படங்களில் செத்தவனுக்குப் பெயரே இருக்காது. கதை எழுதியவர் வைத்திருக்க மாட்டார். அக்கா விட மாட்டாள். "பேரு தெரியாம எப்படிப்பா அழுறது? வாயில வந்தத ஒண்ணு சொல்லு" என்பாள். அவர்களும் ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அதை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஆரம்பிப்பாள் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். ஆனால் அவள் கண்ணில் ஒரு சொட்டு வராது. கேட்டால், "கண்ணீரு மைக்ல கேக்காதுடி, எதுக்கு வீணாக்கணும்?" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கேட்பாள்.

அக்காவுக்கு ஒரே மகள். புருஷன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டான். லீவு நாளில் மகள் ஸ்டுடியோவுக்கு வந்து இன்ஜினியர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அம்மா உள்ளே கதறக் கதற இவள் வெளியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"நீ வீட்டுல மட்டும் ஏம்மா அழுறதே இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வீட்டுல யாருடி காசு குடுப்பா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

மகள் ஒரு துணி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டைக்குக் காலர் வைத்துத் தைக்கிற வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள். துணி திருடு போகிறது என்று முதலாளி அதை வெளியிலிருந்து பூட்டிவைத்திருந்தார். கதவை உடைத்தபோது அதற்குப் பின்னாலேயே குவிந்து கிடந்தார்களாம். அக்காவின் மகளும் அதில் ஒருத்தி.

செத்தவர்களின் பெயர்கள் மறுநாள் பேப்பரில் வந்தன. அவள் பெயர் இல்லை. புதிதாகச் சேர்ந்தவள், வாரக்கூலி, கணக்கில் ஏற்றவில்லை. முதலாளியின் ஆட்கள் கூசாமல் சொன்னார்கள்: "அப்படி ஒரு பொண்ணு எங்ககிட்ட வேலையே பாக்கல. யாரையோ பாக்க வந்திருக்கும்." கோர்ட்டிலும் அதையே சொன்னார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் செத்தவர்கள் யார் யார் என்று நீதிபதி படித்தபோது அக்கா கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கடைசிப் பெயர் வரை கேட்டாள். மகள் பெயர் மட்டும் வரவில்லை. முதலாளி ஜாமீனில் வந்து வேறொரு இடத்தில் ஃபேக்டரி திறந்துவிட்டார். அவர் நன்றாக இருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

பிணவறை வாசலில் அக்கா அழவில்லை. கல் மாதிரி நின்றாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "ஊருக்கெல்லாம் அழுறா, பெத்த பொண்ணுக்கு ஒரு சொட்டு விடல பாரு" என்றார்கள், அதுவும் காதில் விழும்படி. அவர்களைப் பிடித்து நாலு வாங்கு வாங்கியவள் நான். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "விடுடி. எனக்கே புரியல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த டைரக்டர் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தத் தீ விபத்தைப் படமாக எடுக்கிறேன் என்று அக்காவின் ஒற்றை அறை வீட்டில் தரையில் உட்கார்ந்து நாள்கணக்கில் கதை கேட்டார். படத்தில் வரும் மகளுக்கு என்ன பெயர் என்று அக்கா கேட்டாள்.

"உங்க பொண்ணு பேருதாம்மா. அத மாத்த மாட்டேன்."

அன்றுதான் பல மாதம் கழித்து அக்கா சர்க்கரை தூக்கலாக டீ குடித்தாள். "பேப்பர்ல வரல, கோர்ட்ல வரல. தியேட்டர்ல சத்தமா வரும்டி. ஊரே கேக்கும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். படம் முடியும்வரை அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

அம்மா வேஷம் போட்ட நடிகைக்கு நம் மொழி தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரை மட்டும் பாடமாகக் கற்றுக்கொண்டு நடித்திருந்தாள். கதவை உடைத்த பிறகு வரும் கட்டம் அது. அம்மா ஓடிவந்து, மகளின் முகத்தைத் துடைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். டப்பிங் பேசப்போவது அக்கா. கும்பலில் நான்.

அன்று காலை அக்கா துண்டைக் கட்டிக்கொண்டு மைக் முன்னால் தயாராக நின்றாள். முதல் தடவையாக, செத்தது யார் என்று கேட்கவில்லை. டைரக்டர் உள்ளே வந்தார். அவர் முகமே சரியில்லை.

"அம்மா, வக்கீலுங்க ஒத்துக்கலம்மா. நிஜப் பேர வச்சா அந்த முதலாளி கேஸ் போடுவாராம், படமே வெளிய வராதாம். வேற பேரு பாத்து வச்சிருக்கோம். உதட்டுக்குக் கிட்டத்தட்ட உட்காரும், அசைவு ரொம்ப மாறாது."

அக்கா திரையைக் காட்டினாள்.

"சூட்டிங் எடுத்தப்போ அவ பேரத்தானப்பா சொன்னாங்க?"

"ஆமாம்மா. குரல்ல மட்டும் மாத்தணும்."

"செத்தவ பேர மாத்தச் சொல்றியா?"

"மன்னிச்சிடுங்கம்மா. படம் வந்தாலாவது நாலு பேருக்கு உண்மை தெரியும்."

அக்கா சரி என்று சொல்லவில்லை. ஆனால் மைக் பக்கம் திரும்பினாள். விளக்கு அணைந்தது. திரையில் அந்த நடிகை ஓடிவந்தாள், குனிந்தாள், வாயைத் திறந்தாள். அக்காவின் வாயிலிருந்து மகளின் பெயர்தான் வந்தது. இன்னொரு தடவை ஓட்டினார்கள். மறுபடியும் அதே பெயர். புதுப் பெயரை நான் அவள் காதில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள், முயன்றாள். திரையில் அந்த உதடு அசைந்ததும் அவளால் வேறெதையும் சொல்ல முடியவில்லை. எந்த வேஷத்தையும் முதல் டேக்கிலேயே முடிப்பவள் அன்று வரிசையாகத் தவறவிட்டாள். கடைசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுதாள். துண்டு அவிழ்ந்து கிடந்தது. மைக் எட்டாத உயரத்தில் இருந்தது. வாயிலிருந்து சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் தலை குனிந்துகொண்டார்.

வேறு ஆளை வைத்துப் பேச டைரக்டருக்கு மனசு வரவில்லை. அந்த ஓர் இடத்தில் குரலை எடுத்துவிடச் சொன்னார். நடிகையின் உதடு அசையும், சத்தம் இருக்காது. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

படம் வந்தது. அந்த மௌனத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எப்பேர்ப்பட்ட கலை, என்ன துணிச்சல் என்று ஒரே புகழ்ச்சி. நான் பேப்பரைச் சுருட்டி எறிந்தேன். "வாடி, போய்ப் பாக்கலாம்" என்று என்னைக் கூட்டிப்போனது அக்காதான். வளையலையும் கம்மலையும் வழியிலேயே கழற்றி என்னிடம் கொடுத்தாள். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தியேட்டரில் பாதி நாற்காலிகள் காலி. இதில் வருவதெல்லாம் கற்பனை என்று முதலில் எழுத்துப் போட்டார்கள். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கதவு உடைந்தது. கும்பலில் என் குரல் கத்தியது. அம்மா ஓடிவந்து மகளின் முகத்தைத் துடைத்தாள். தியேட்டரில் சட்டென்று சத்தம் அடங்கியது. அந்தப் பெரிய உதடு அசைந்தது.

அக்கா எழுந்து நின்று மகளின் பெயரைச் சொன்னாள். அடிவயிற்றிலிருந்து, தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி. உதட்டுக்கு அச்சாக உட்கார்ந்தது.

முன்வரிசையில் தலைகள் திரும்பின. "யாருங்க அது? உக்காருங்க!" என்று ஒருவர் அதட்டினார். இன்னொருவர் உச்சுக் கொட்டினார். டார்ச் அடித்துக்கொண்டு தியேட்டர்காரர் எங்கள் வரிசைக்கு வந்து குனிந்து, பாவம், தன்மையாகத்தான் சொன்னார்.

"அம்மா, படம் நடக்கறப்போ பேசாதீங்கம்மா."

"பேசலப்பா" என்றாள் அக்கா. "கூப்பிட்டேன்."