கடைசி வரிசை இல்லாத அறை

எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் நீலமும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை ஒன்று தொங்குகிறது. அண்ணி கல்யாணமாகி வந்த முதல் வருஷம் பின்னியது. அடியில் ஒரு மூலை பிசகி, எங்கே வைத்தாலும் இடப்பக்கம் சாயும். "இது கூடையா, மீன் வலையா?" என்று அண்ணன் கேட்பான். "மொதல்ல மீனை வாங்கினு வாங்க, அப்புறம் சொல்றேன்" என்பாள் அண்ணி. சிரிப்பு அடங்குவதற்குள் அவன் கூடையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறியிருப்பான். அந்தச் சிரிப்பு இருந்த வீட்டை இன்று நினைத்தாலும் மனம் அங்கேயே நின்றுவிடப் பார்க்கிறது.

மேடையில் நான் தோற்றதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பேச்சுப்போட்டி, கல்லூரியில் பட்டிமன்றம். வீட்டு அலமாரியில் கோப்பை வைக்க இடமில்லாமல் அரிசிப் பானையின் மேல் வைத்த காலம் அது. ஒவ்வொரு போட்டிக்கும் அண்ணன் என்னை அழைத்துப் போவான். போய், கடைசி வரிசையில் உட்காருவான். என் குரல் அங்கு எட்டவில்லையென்றால் கைக்குட்டையை எடுத்து முகம் துடைப்பான். அதுதான் அடையாளம். நான் குரலை உயர்த்துவேன். "கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா நீ பேசவே இல்லன்னு அர்த்தம் பாப்பா" என்பது அவன் வாக்கு. அவையைப் பார்த்தல்ல, அந்தக் கைக்குட்டையைப் பார்த்தே நான் பேசப் பழகினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வேலையும் உறக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக அவனைவிட்டு விலகிய சில மாதங்களுக்குப் பிறகு, அண்ணன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவன் பேச்சு குறைந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். கேட்டால் வருந்துவான் என்று யாரும் கேட்கவில்லை. மில்லில் தொழிற்சங்கத்துக்காக வாயிற்கூட்டங்களில் நின்று பேசிப் பழகிய அப்பா, அன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீதாம்மா நல்லா பேசுவ. வர்றவங்களுக்கு நீயே சொல்லிடு. நெஞ்சு வலின்னு சொல்லு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் என்னை இன்றும் சுடுகிறது. உறவினருக்கு ஒன்று, தெருவினருக்கு ஒன்று, அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று என மூன்று வடிவங்களாக அந்தப் பொய்யைச் செதுக்கினேன். எங்கே குரல் தழுதழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தானாகவே அமைந்தது. கேட்டவர்கள் கலங்கினார்கள். பதினாறாம் நாள் முடிவதற்குள் நானே பாதி நம்பியிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணி அத்தனை முறையும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

அதன்பின் அவள் பேசுவதில்லை, தூங்குவதில்லை, தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். சில மாதங்கள் கழித்து, ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, கூடையை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போகத் தொடங்கினாள். ஒன்பது மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். கூடையில் தலை தொங்கிய அரைக்கீரையும் நசுங்கிய தக்காளியும் இருக்கும். "மார்க்கெட்டுல கீரையெல்லாம் இவ போனப்புறம்தான் வாடுமா? ஏம்மா, காசு குடுத்துதான வாங்கின? இல்ல மாட்டுக்குப் போட்டதப் பொறுக்கினு வந்தியா?" என்பாள் அம்மா. அண்ணி உட்கார்ந்து கீரையை ஆய்வாள்.

ஒரு சனிக்கிழமை அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள். என் ஸ்கூட்டரில் ஏறினாள். மார்க்கெட் வாசலில் நிறுத்தினேன்; இறங்கவில்லை.

"கோரிமேட்டுக்கு விடு பாப்பா."

போகும் வழியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். தூக்கம் வரவில்லை என்று அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டரம்மா மாத்திரை எழுதுவதற்கு முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அத்தினி பேர் துக்கம் கேட்டு வந்தாங்களே, ஒருத்தரும் அதக் கேக்கல. ஆமான்னேன்." கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று அஞ்சி நாங்கள் அண்ணனிடமும் அவளிடமும் கேட்காமல் விட்ட கேள்வி அது. கேட்டதால் அவளுக்கு அந்த எண்ணம் வரவில்லை. முன்பே இருந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்தது. மருந்தும் கிடைத்தது, இப்படித் தம்மவரை இழந்தவர்கள் கூடிப் பேசும் ஓர் அறையின் விலாசமும் கிடைத்தது.

என்னையும் அந்த அறைக்குள் வரச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்டமாக. விரும்பினால் பேசலாம், பேசாமலும் இருக்கலாம் என்றார்கள். எழுந்து நின்ற ஒரே ஆள் நான்தான். "இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே" என்று தொடங்கி, அலை ஓய்வதில்லை, விடியல் தவறுவதில்லை என்று ஐந்து நிமிடம் முழங்கினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மகனை இழந்தவர் என்று பிறகு அறிந்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் பேசுற பாப்பா. ஆனா இங்க கடைசி வரிசையே இல்லியே. யாருக்குக் கத்துற?"

சிலர் சிரித்தார்கள். அண்ணிகூடச் சிரித்தாள். எனக்கு மட்டும் கண் தன்னையறியாமல் கைக்குட்டையைத் தேடியது.

"யாரு போனது?" என்றார் அவர்.

"அண்ணன்."

"இன்னாச்சு?"

"நெஞ்சு வலி" என்றேன். வாய் பழகிவிட்டிருந்தது. உண்மையைச் சொல்வதற்கென்றே இருந்த அந்த ஓர் அறையிலும், அவன் மனைவியின் எதிரிலேயே, பிசிறில்லாமல் வந்தது அந்தப் பொய். அண்ணி தலையைக் குனிந்து, காலடியில் சாய்ந்து கிடந்த கூடையை நிமிர்த்தி வைத்தாள். அது மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினாள். யாரும் என்னைத் திருத்தவில்லை.

நான் உட்கார்ந்தேன். "இல்ல. அவனே உயிர விட்டுட்டான். நாங்க யாரும் இன்னான்னு கேக்கல" என்றேன். பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டியிருக்காது. உரக்கச் சொல் என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணியின் கை என் முழங்கைக்கு வந்தது.

திரும்பும்போது மார்க்கெட்டில் கீரைக்காரி கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த ஒரு கட்டை வாங்கினோம். வீட்டில் அம்மா அதைத் தூக்கிப் பிடித்து ஏசத் தொடங்குவதற்குள் அண்ணி சொன்னாள்: "அத்தை, நான் மார்க்கெட்டுக்குப் போறதில்ல. அவரப் பத்திப் பேசப் போறேன். நெஞ்சு வலின்னு யாரும் சொல்லாத எடத்துக்கு." அப்பா நாளிதழை மடித்தார். அம்மா தரையில் உட்கார்ந்து, பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்து, அந்தக் கட்டை முழுவதும் ஆய்ந்து முடித்தாள். பிறகுதான் கேட்டாள்: "அடுத்த தடவ எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

பிறகு வந்த சனிக்கிழமைகளை நான் இன்று ஏங்கி நினைக்கிறேன். மூவரும் ஒரே ஸ்கூட்டரில் ஏற முடியாது என்பதால் பஸ்ஸில் போனதும், அண்ணன் கணக்குப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லி அம்மா அந்த வட்டத்தையே சிரிக்க வைத்ததும், அழுது முடித்துப் பசியோடு வெளியே வந்து டீக்கடையில் வடை தின்றதும். துக்கத்துக்குள் அப்படியொரு மகிழ்ச்சி இருக்கும் என்று எந்த மேடையிலும் நான் பேசியதில்லை.

இப்போது அண்ணி ரெட்டியார்பாளையத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள், அங்கேயே வீடு. கூடையை எங்களிடம் விட்டுப் போனாள். நான் இன்றும் மேடை ஏறுகிறேன். கடைசி வரிசையைப் பார்க்கிறேன். ஆனால் இறங்கிய பின், வாடிய முகத்தோடு யாராவது நின்றால், பக்கத்தில் போய் என்னவென்று கேட்கிறேன்.

இன்று சனிக்கிழமை. அம்மா புடவையை உதறிக் கட்டிக்கொண்டு படியிறங்குகிறாள். "மார்க்கெட்டுக்கா?" என்கிறாள் எதிர்வீட்டு அக்கா.

"இல்லடி, கோரிமேட்டுக்கு. எம்புள்ளயப் பத்திப் பேசிட்டு வர்றேன்."

கூடை ஆணியில் தொங்குகிறது. அம்மா கையை வீசிக்கொண்டு நடக்கிறாள்.