சீட்டைக் காட்டும் சிவப்பு அம்பு

என் சைக்கிளில் ஒட்டப்பட்ட முதல் சிவப்பு அம்பு பின்சக்கர டயரில் இருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு ஸ்டிக்கர்தான். ஆனால் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. தைத்து முடித்த துணியில் கறையோ ஓட்டையோ விட்ட தையலோ எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தைக் காட்டி அம்பை ஒட்டி, பெரிய குறை என்றால் மேஜர், சின்னது என்றால் மைனர் என்று எழுதுவார்கள். ஒட்டுகிறவர் தரம் பார்க்கிற கியூசி. சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் வந்து, பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, சரக்கு கப்பல் ஏறலாமா கூடாதா என்று சொல்லிவிட்டுப் போகிறவர். நல்லூரில், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக நான் இருந்த கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த கியூசிக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் கூடுதல். தெற்கத்திக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகிற வழியில், மாதத் தவணையில் நான் வாங்கியிருந்த, மண்தடத்தில் ஓட்டுகிற புது கிராவல் சைக்கிளைப் பார்த்ததும் நின்றார். ஒரு சுற்று சுற்றினார். குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து டயரில் ஒட்டினார்.

“வெட்டு விழுந்திருக்கு சார். இத வச்சுக்கிட்டு எங்க போறிய?”

“தாராபுரம் வரைக்குமுங்க. மூணு நாளு. தார் ரோடே மிதிக்காம, இட்டேரியிலயே போய் ஆத்துல சக்கரத்த நனைச்சுட்டு வாரதுங்க.”

சத்தியமாக அந்த நொடிவரை அப்படி ஓர் எண்ணமே எனக்கு இல்லை. அந்த அம்பின் மேல் வந்த ரோஷத்தில் வாயில் வந்தது. சொல்லி முடித்தபோது அது என் வாழ்நாள் லட்சியம் ஆகிவிட்டிருந்தது. எங்கள் பக்கத்துக் காடுகளுக்கு நடுவே, இரண்டு புறமும் கிளுவை வேலி நெருக்க ஓடுகிற மண்தடம்தான் இட்டேரி. மானாவாரி நிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம். அன்று மாலைக்குள் செயற்கைக்கோள் படத்தை வைத்து நல்லூரிலிருந்து முதலிபாளையம், அங்கிருந்து இட்டேரிகளும் வாய்க்கால் கரைகளுமாகத் தாராபுரம் என்று வழி வரைந்து கியூசிக்கு அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கூடாரம் உங்கள்ட்ட இருக்கா?” இருக்கிறது என்றேன். “அப்ப நானும் வாரேன்.”

எங்கள் முதலாளிக்கு இது தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “அவன் எதுக்கு கண்ணு உன்ற கூட வாரான்?” சைக்கிள் ஓட்டத்தான் என்றேன். “லீவுநாள்ல தூங்கும்போதுகூட வேலை பாக்கற ஆளு அவன். பாத்து நடந்துக்க.” அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. நீலச் சட்டை ஆர்டர் ஒன்று தாமதமாகிக்கொண்டிருந்தது. பையர் பார்த்து ஒப்புக்கொண்ட எங்கள் யூனிட்டைத் தவிர வேறெங்கும் அதைத் தைக்கக் கூடாது. அந்த வாரம்தான் முதலாளி அதில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் முதலிபாளையத்துக்கு அப்பால் ஒரு தகர ஷெட்டுக்குக் கொடுத்திருந்தார். தெரிந்தால் ஆர்டர் மொத்தமும் போகும். அதை நம்பியிருந்த டெய்லர்கள் வேறு கம்பெனி தேட வேண்டும். நான் வரைந்த வழி அந்த ஷெட்டின் வாசலை ஒட்டித்தான் போனது. மாற்றலாம் என்றால், ஏன் மாற்றினீர்கள் என்று கியூசி கேட்பார். கேட்பதுதானே அவர் தொழில்.

இப்படியாக, வாழ்க்கையில் நான் மிகவும் ஆசைப்பட்ட பயணத்தை ஒரு போலீஸ்காரரோடு போவது போலப் போனேன். முதல் நாள் காலை முதலிபாளையம் தாண்டியதும் காரணமே இல்லாமல் வேகமெடுத்தேன். ஷெட் வாசலில் நீலத் துண்டுத்துணி ஒரு மூட்டை கிடந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவருடைய பிரேக் ஒரு முறை கீச்சென்றது. நாய்க்காகப் பிடித்தாரா, மூட்டைக்காகவா? அந்தக் கீச்சு அன்று முழுவதும் என் காதைவிட்டுப் போகவில்லை. கல்லூரி நண்பனின் தென்னந்தோப்பில் மாலை கூடாரம் அடித்தபோது அவர் ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதினார். நான் டீயோடு பக்கத்தில் போனதும் மூடினார். “இந்தப் பக்கம்லாம் தையல் யூனிட் நெறையவோ?” என்று தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “அவ்வளவா இல்லீங்க” என்று நானும் ஒரு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அவர் நல்ல கூட்டாளி. மணலில் என் சக்கரம் புதையும்போது எதுவும் சொல்லாமல் முன்னால் போய்த் தடம் போட்டுக் கொடுப்பார். வாய்க்கால் கரையில் காலை வெயில் தண்ணீரிலிருந்து எகிறி முகத்தில் அடித்தபோது, சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றார். எனக்கும் அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. உடனே குறிப்பேட்டை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தாராபுரத்துக்கு இந்தப் பக்கம், காற்றாலைகள் தெரிகிற ஒரு மேய்ச்சல் காட்டில் தங்க நினைத்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம், தலையாட்டினார். அவர் அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. ஐந்து மணி வெயிலில் நான் சைக்கிளில் இருந்த ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி நோண்டிக்கொண்டிருந்தேன். கியூசி பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கூடாரத்துக்குத் தரையை அளந்தார். சட்டையின் தோள் அகலத்தை அளக்கிற டேப்பை மண்ணில் போட்டு அளக்க அவரால்தான் முடியும். அளந்து, ஆரஞ்சு நிறத் தலை வைத்த முளைகளை நாலு மூலையிலும் அடித்தார்.

மொபட் ஒன்று வேலிக் கடவுப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. காட்டுக்காரர் இறங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மருமகளும் இறங்கினார்.

“ஏனுங்க, யாரக் கேட்டுங்க அளக்கறீங்க?”

“தங்கறதுக்குங்க. சைக்கிள்ல வந்தோம்” என்றேன்.

“போன தடவையும் ரெண்டு பேரு இப்படித்தானுங்க, குடிக்கத் தண்ணி கேட்டுட்டு வந்தாங்க. அடுத்த மாசம் கரன்ட் டவருக்குன்னு நடுக்காட்டுல குறி அடிச்சுட்டுப் போய்ட்டாங்க. மொதல்ல அந்த முளையப் புடுங்குங்க.”

கியூசி முளைகளைப் பிடுங்கினார். சர்வேக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல காட்டுக்காரர் முகம் இறுகியது. இவ்வளவு விலை சைக்கிளை வைத்துக்கொண்டு எவனாவது மண்ணில் படுப்பானா என்று கேட்டார். எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான் கேட்டார்கள். பிறகு அவர் கண்ணில் குறிப்பேடு பட்டது. “அதுல என்ன கணக்கு எழுதியிருக்குன்னு பாக்கலாமுங்க. எழுதுனவரு படிக்க வேண்டாம், மாத்திப் படிச்சுருவாரு. நீங்க படிங்க” என்று என்னைக் காட்டினார். கியூசி ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் என் சந்தேகமெல்லாம் ஊர்ஜிதமாயிற்று. ஆனாலும் கொடுத்துவிட்டார்.

படித்தேன். “கூடாரம்: இடப்பக்கத் தையல் இரண்டு இஞ்ச் விட்டிருக்கிறது. மேஜர். தோப்பு டீ: சர்க்கரை அதிகம். மைனர். கூட வருபவர்: மேட்டில் மிதிக்கும்போதும் பேசிக்கொண்டே வருகிறார். மேஜர்.” மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “வாய்க்கால் கரை, காலை ஏழு மணி: குறை ஒன்றும் இல்லை.” அடுத்து இரண்டு வரி இருந்தது. “முதல் நாள் பார்த்த தகர ஷெட். வாசலில் கிடந்தது நம்முடைய நீலம். அவராகச் சொல்வார் என்று நினைக்கிறேன், மூன்று நாள் இருக்கிறது.” என் கண் அதைப் படித்தது. என் வாய் அதற்கு அடுத்த வரிக்குத் தாவி, “நாய்கள்: குரைக்கின்றன, கடிக்கவில்லை. பாஸ்” என்றது.

“மாமா, உடுங்க!” மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார். “இவீங்க டவர் ஆளுங்க இல்லீங்க. பனியன் கம்பெனி செக்கிங். நானும் நாலு வருசம் தைக்கப் போனவதானுங்க. மேஜரு மைனருன்னு உசுர எடுக்கற கும்பலு!”

காட்டுக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படீங்களா? சரி, எங்க காடு பாஸா பெயிலா?”

“வேலிக் கடவு ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. மைனர்” என்றார் கியூசி. காட்டுக்காரர் திரும்பிப் போய் உண்மையிலேயே கடவைத் தூக்கி நேராக நிறுத்தினார். மருமகளிடம் மோர் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, பிடுங்கிய முளைகளை அவரே திரும்ப அடித்தும் தந்தார். நானும் சிரித்தேன். ஆனால் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கியூசி என்னைப் பார்த்த பார்வையில், தான் எழுதிய பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று தெரிந்தவரின் அமைதி இருந்தது.

மூன்றாம் நாள் அமராவதி ஆற்றில் சக்கரத்தை நனைத்தோம். கணுக்காலளவு தண்ணீர். “வேற ஏதும் சொல்லணுமா சார்?” என்றார். “இல்லீங்க.” திரும்பி வரும் வழியெல்லாம் மேட்டிலும் நான் பேசவில்லை.

அடுத்த வாரம் நீலச் சட்டைகள் சோதனைக்கு வந்தன. கியூசி பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பிரித்தார். ஒரு குவியலில் மட்டும் தையல் நெருக்கம் வேறாக இருந்தது. வரிசையாக அம்புகள் விழுந்தன. கடைசியில் முதலாளி பக்கத்தில் நிற்க என்னிடம் கேட்டார்: “எல்லாம் இங்க தச்சதுதான சார்?” “ஆமாங்க” என்றேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவிட்டுப் போனார். ஆர்டர் நின்றது. டெய்லர்கள் சிலர் அந்த வாரமே வேறு கம்பெனிகளுக்குப் போனார்கள். நான்தான் கூடாரத்தில் உட்கார்ந்து ஒப்பித்திருக்கிறேன் என்று முதலாளி இன்றுவரை நம்புகிறார். என்னை மெர்ச்சண்டைசிங்கிலிருந்து எடுத்து, பட்டனும் லேபிளும் எண்ணுகிற ஸ்டோரில் போட்டார். சொல்லவில்லை என்று ஒருவர் விலகினார், சொல்லிவிட்டேன் என்று இன்னொருவர் ஒதுக்கினார். இருவரிடமும் என்னால் நியாயம் கேட்க முடியவில்லை.

சோதனை நடந்த அன்று சாயங்காலம் கம்பெனியில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்கப் போனபோது இரண்டாவது அம்பைப் பார்த்தேன். சட்டத்தில், சீட்டுக்குக் கீழே, முனை மேல்நோக்கி ஒட்டியிருந்தது. வெல்டிங்கில் விரிசல் என்று நினைத்தேன். கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் சீட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, தட்டிப் பார்த்தார். “ஒண்ணுமே இல்லீங்க, சைக்கிள் சுத்தமா இருக்குது.” அப்படியும் நம்பாமல் இன்னொரு கடைக்குப் போனேன். அந்தக் கடையிலிருந்து ஏறி உட்கார்ந்து மிதித்து வரும்போதுதான் புரிந்தது. சீட்டின் மேல் இருப்பது நான்தான்.

கியூசி இப்போது கரூர் பக்கம் வேலை பார்க்கிறார் என்று கேள்வி. போன வாரம் ஸ்டோரில் லேபிள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: அதே வழி, அதே மூன்று நாள், அடுத்த சனிக்கிழமை வருகிறீர்களா என்று. நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் ஒரே வரி வந்தது: “டயர் மாத்தியாச்சா?” வருகிறேன் என்பதா, வரமாட்டேன் என்பதா, இதுவும் ஒரு சோதனையா என்று இருபது தடவை படித்தேன். பழக்கம் விடவில்லை. டயரை மாற்றிவிட்டேன். சீட்டுக்குக் கீழே இருக்கிற அம்பை உரிக்கவில்லை. வெயிலில் வெளுத்து ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது, ஆனாலும் அதே இடத்தைத்தான் காட்டுகிறது. சனிக்கிழமை காலை அவர் வந்தால், இந்த முறை முதலிபாளையம் தாண்டியதும் வேகமெடுக்கப் போவதில்லை. அந்தத் தகர ஷெட்டின் வாசலில் காலை ஊன்றி நின்று, அவர் குறிப்பேட்டைத் திறக்கும் முன் நான் வாயைத் திறக்க வேண்டும்.